பூஜைக்கு அணைத்த சர்வர்

முதலில் தனகோட்டி அக்காதான் போன் செய்தாள். 2015 ஆயுத பூஜை, காலை எட்டு மணி. நான் வடக்குத்து வீட்டில் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். ரப்பர் பேண்டைப் பல்லில் கவ்விக்கொண்டே பேசினேன்.

"ஷைனிம்மா, சாரு எல்லா மெஷினையும் ஆஃப் பண்ணி, தொடச்சி, பொட்டு வைக்கச் சொல்லிக்கினு இருக்காரு. உன் ரூமுல இருக்குற பொட்டியையுமா?"

"வைங்கக்கா. ஒன்னும் ஆவாது."

"அது ராவும் பகலும் ஓடிக்கினே இருக்குமே. அணைச்சா ஏதாச்சும் கோளாறாயிடப் போவுது பாப்பா."

"முன்னால இருக்குற பட்டன ஒரே ஒருவாட்டி அமுக்குங்க, தானா அணையும். பூஜை முடிஞ்சதும் திரும்ப அமுக்குங்க, தானா வரும். இதுக்கெல்லாம் பயப்படலாமா?"

அவ்வளவுதான் பேச்சு. அவள் கேட்டதில் இருந்த கவனம் நான் சொன்னதில் இல்லை. மகளுக்குப் பின்னல் கோணலாகப் போய்க்கொண்டிருந்தது, எனக்கு அதுதான் கவலை.

எங்களுடையது சுரங்கத்தில் மேல்மண் அள்ளும் காண்ட்ராக்ட் கம்பெனி. டவுன்ஷிப் ஓரத்தில் ஒரு யார்டு, அதற்குள் தகரம் வேய்ந்த ஆபீஸ், ஆபீசுக்குள் ஏசி போட்ட ஒரே ஓர் அறை. அந்தப் பாக்கியம் மேனேஜருக்கு இல்லை, சர்வருக்கு. நானூறு பேர் ஷிஃப்ட்டுக்கு வரும்போதும் போகும்போதும் விரல் வைக்கிற ஆறு பஞ்சிங் மெஷின்களும் அந்தச் சர்வரில்தான் வந்து சேரும். விரல் பதியவில்லை என்றால் ஆள் வரவில்லை என்று அர்த்தம், சேறும் சகதியுமாக எதிரே நின்றாலும் சரி. அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தனகோட்டி அக்கா ஏழு வருடமாக அந்த ஆபீசைப் பெருக்கித் துடைக்கிறாள். நாங்கள் இரண்டு பேருமே காண்ட்ராக்ட். மேனேஜர் ஜெயராமன் சார் சுரங்கத்தில் பர்மனெண்ட் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ரிட்டயர் ஆனது அவருக்கு இன்னும் முழுசாகத் தெரியாது.

பூஜை விஷயத்தில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மின்சாரத்தில் ஓடுகிற எதுவும் அன்றைக்கு ஒரு மணி நேரமாவது ஓய்வெடுக்க வேண்டும். வெல்டிங் செட், தண்ணீர் மோட்டார், ஜெராக்ஸ் மெஷின், சீலிங் ஃபேன் எல்லாம். ஓடிக்கொண்டே பொட்டு வைத்துக்கொண்டால் பூஜை செல்லாதாம். சர்வர் போன நவம்பரில்தான் வந்தது. வந்த நாளிலிருந்து ஒருமுறைகூட அணைந்ததில்லை. இது அதற்கு முதல் ஆயுத பூஜை.

பத்தரைக்கு ஜெயராமன் சார் போன் செய்தார்.

"ஷைனி, சர்வர் போச்சு. தனகோட்டி தண்ணி விட்டுட்டா. லீவுன்னு பாக்காத, உடனே கெளம்பி வா."

மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஸ்கூட்டியில் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றாகப் பத்து நிமிடம். டிப்பர்களில் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். யார்டு முழுக்கப் பொரியும் சாம்பிராணி வாசமும். டிரைவர்கள் இருபது பேர் ஆபீஸ் வாசலில் கூட்டமாக நின்றார்கள். உள்ளே, கையில் ஈரத்துணியோடு தனகோட்டி அக்கா.

"வா, வந்து பாரு" என்றார் சார். "எப்படித் தொடச்சிருக்கா பாரு."

சர்வரின் நெற்றியில் மூன்று பட்டை சந்தனம், நடுவில் குங்குமம். சந்தனம் கொஞ்சம் தண்ணியாகிப்போய், காற்றுக்காக விட்டிருக்கும் ஓட்டைகள் வரை வழிந்திருந்தது. அவ்வளவுதான். ஆனால் சாரின் கம்ப்யூட்டரில் 'தொடர்பு இல்லை' என்று சிவப்பாக ஒரு பெட்டி நின்றது. ஆறு பஞ்சிங் மெஷின்களும் பீப் என்று அழுதுகொண்டிருந்தன.

"உள்ள ஈரம் பூந்துடுச்சு. லட்ச ரூபா பொருளு. யாரைக் கேட்டு இத அணைச்சே?"

"நீங்கதான சார் எல்லாத்தையும் அணைக்கச் சொன்னீங்க" என்றாள் அக்கா.

"எல்லாத்தையும்னா இதையுமா? ஷைனிய ஒரு வார்த்த கேட்டியா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சந்தனத்தைப் பார்த்தேன். 'ஆமாம் சார், காலையில் என்னைக் கேட்டுவிட்டுத்தான் அணைத்தார்கள்' என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த ஒரு மூச்சை நான் விடவில்லை. உள்ளே ஈரம் இருந்துவிட்டால் அது என் தலையில் விடியும் என்று பயம். முதலில் பார்த்துவிடுவோம், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்காவும் வாயைத் திறக்கவில்லை.

"பாஸைக் கழட்டி வெச்சிட்டு வூட்டுக்குப் போ."

இந்த ஊரில் கேட் பாஸ் என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். பெயர், படம், ரத்த வகை போட்ட ஓர் அட்டைதான். ஆனால் போலீஸ் விசாரணை முடிந்து, மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கி, வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்து வருவது. அது கழுத்தில் இல்லாமல் யார்டுக்குள் கால் வைக்க முடியாது. ஒரு கம்பெனி பிடுங்கிக்கொண்டது என்று தெரிந்தால் இன்னொரு கம்பெனி தராது. நாற்பத்தெட்டு வயதில் பாஸ் போன பெண்ணுக்கு இங்கே வேறு வேலை இல்லை, முந்திரி உடைக்கக் காடாம்புலியூர் பக்கம் பஸ் ஏற வேண்டியதுதான்.

"சார், இத்த மட்டும் வாங்கிக்காதீங்க சார். ஏழு வருசமா ஒரு கெட்ட பேரு உண்டா? திட்டுங்க, நாலு நாளு வராதன்னு சொல்லுங்க."

"மெஷினு ஓடட்டும், அப்பறம் பேசலாம். ஓடலன்னா நீ இந்தப் பக்கமே வராத."

கயிறு அவள் கொண்டையில் மாட்டிக்கொண்டது. இருபது ஆண்கள் பார்க்க அதை நிதானமாகப் பிரித்தெடுத்து, மேசையில் பாஸை வைத்துவிட்டு வெளியே போனாள். வீட்டுக்குப் போகவில்லை. கேட்டுக்கு வெளியே புங்கமரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். சர்வர் அறை ஜன்னலிலிருந்து அந்த மரம் நன்றாகத் தெரியும்.

நான் கதவைச் சாத்திக்கொண்டு மானிட்டரைப் போட்டேன். முதல் வினாடியிலேயே ஈரம் எதுவும் புகவில்லை என்று தெரிந்துவிட்டது. ஈரம் பூந்த மெஷின் இத்தனை மரியாதையாகப் பெயரும் கடவுச்சொல்லும் கேட்காது. உள்ளே போய் நெட்வொர்க்கைப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை. கார்டு இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. கெர்னலின் பதிப்பு எண்ணைப் பார்த்தேன். முடிவில் முப்பத்தொன்பது என்று இருக்க வேண்டியது அறுபத்தைந்து என்று இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றே கால்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்த திருட்டுத்தனம் புரியாது. ஒரு நெட்வொர்க் கார்டோடு பேச கம்ப்யூட்டருக்கு டிரைவர் என்று ஒரு மென்பொருள் வேண்டும். எங்கள் சர்வரை ஓட்டும் லினக்ஸில் அது இரண்டு வழியாகக் கிடைக்கும். ஒன்று, லினக்ஸின் உட்கருவான கெர்னலோடு சேர்ந்தே வருவது. கெர்னலை எழுதுகிறவர்களே அதையும் பார்த்துக்கொள்கிறார்கள். கெர்னலில் எதையாவது மாற்றினால் டிரைவரையும் அதற்கேற்ப மாற்றித்தான் வெளியே விடுவார்கள். நாம் ஒன்றும் செய்ய வேண்டாம், கெர்னல் எத்தனை தரம் புதுசானாலும் அதுவும் கூடவே புதுசாகும். இன்னொன்று, கார்டின் சிப்பைச் செய்தவர்கள் தங்கள் இணையதளத்தில் தனியாகப் போட்டு வைத்திருப்பது. அதை நாமே இறக்கி, அன்றைக்கு நம்மிடம் ஓடுகிற கெர்னலுக்கென்று கம்பைல் செய்து, அதாவது மூலக் கோப்புகளை ஓடும் வடிவத்துக்கு மாற்றி, பொருத்த வேண்டும். சில சமயம் கூட வந்ததைவிட அது நன்றாகவே ஓடும். ஆனால் எந்தக் கெர்னலுக்குச் செய்தோமோ அதற்குத்தான் பொருந்தும். கெர்னல் மாறினால் திரும்பச் செய்ய வேண்டும், நாம் செய்யாவிட்டால் வேறு யாரும் செய்ய மாட்டார்கள்.

கெர்னலோடு வந்த டிரைவர் எங்கள் கார்டோடு சரியாக ஒத்துப்போகவில்லை. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் நூறு பேர் ஒரேயடியாக விரல் வைத்தால் லைன் அறுந்து அறுந்து வரும். போன நவம்பரில் ஒருநாள் மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கும் ஷிஃப்ட்டில் ஆட்கள் சத்தம் போட, சார் என்மேல் சத்தம் போட, நான் அந்தத் தனி டிரைவரை இறக்கிக் கம்பைல் செய்து ஏற்றினேன். இரண்டும் ஒரே கார்டுக்குப் போட்டி போடும் என்பதால், கூட வந்தது தானாக எழுந்துகொள்ளாதபடி தடுத்து வைத்தேன். அன்றிலிருந்து லைன் அறுந்ததே இல்லை. அதே வாரத்தில், பாதுகாப்புக்காக மெஷின் தானே புதுப்பித்துக்கொள்ளும்படியும் வைத்தேன். பதினோரு மாதமாகப் புதுக் கெர்னல்கள் சத்தமில்லாமல் வந்து வரிசையில் உட்கார்ந்துகொண்டே இருந்திருக்கின்றன. அணைத்துப் போட்டால்தான் புதியது எழுந்திருக்கும். இன்றைக்கு அணைத்துப் போட்டார்கள். எழுந்து வந்த புதுக் கெர்னலில் என் தனி டிரைவர் இல்லை, கூட வந்ததையோ நானே கட்டிப்போட்டு வைத்திருக்கிறேன்.

கெர்னல் மாறும்போதெல்லாம் தனி டிரைவரைத் தானாகவே மறுபடி கம்பைல் செய்ய ஓர் ஏற்பாடு உண்டு. அதைப் பதிந்து வைக்கப் பத்து நிமிடம் ஆகும். எனக்குத் தெரியாமல் இல்லை. செய்யவில்லை. மறந்தேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும், ஆனால் மறக்கவில்லை. இந்த யார்டில் ஒவ்வொரு காண்ட்ராக்ட்காரனிடமும் இப்படி ஒரு முடிச்சு இருக்கும். வெல்டிங் செட் எந்த ஒயரைத் தட்டினால் பிடிக்கும் என்று ஒருவனுக்குத்தான் தெரியும், ஏழாம் நம்பர் டிப்பரின் கியர் எப்படி விழும் என்று இன்னொருவனுக்குத்தான் தெரியும். எழுதிக் கொடுத்துவிட்டால் அடுத்த மாதம் நீ எதற்கு என்று கேட்பார்கள். என் முடிச்சு அந்த டிரைவர். ஒப்படைப்புக் குறிப்பு எழுது என்று சார் கேட்டபோது நாற்பது பக்கம் எழுதினேன், அதில் இந்த ஒன்றை மட்டும் எழுதவில்லை.

சரிசெய்வதற்கு இரண்டு நிமிடம் போதும். மூலக் கோப்புகள் அப்படியே இருந்தன. புதுக் கெர்னலுக்கு ஒருமுறை கம்பைல் செய்து ஏற்றினால் முடிந்தது. விரல் கீபோர்டின் மேல் போனது. அங்கேயே நின்றது.

இரண்டு நிமிடத்தில் சரிசெய்தால், 'இவ்வளவுதானா' என்பார். அக்டோபர் முப்பத்தொன்றோடு என் காண்ட்ராக்ட் முடிகிறது. சென்னைக் கம்பெனி ஒன்று மொத்தத்தையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று ஏற்கெனவே வந்து போயிருந்தது. 'அதுதான் தானா ஓடுதே, ஆளு எதுக்கு?' என்று சாரே இரண்டு முறை என் காதுபடச் சொல்லியிருக்கிறார். இந்த ஊரில் லினக்ஸ் தெரிந்தவளுக்கு இதைவிட்டால் வேறு வேலை கிடையாது. நான் சென்னை போக வேண்டும், மகள் இங்கே. சேத்தியாத்தோப்பில் டயர் கடையில் நிற்கும் என் வீட்டுக்காரர் சைமன்ராஜ் அவளுக்குத் தலை வாரிவிடுவாரா? கொஞ்சம் இழுத்தடித்தால் சாருக்கு என் அருமை தெரியும், காண்ட்ராக்ட் புதுப்பித்தபிறகு அக்காவுக்காகப் பக்குவமாகப் பேசிக்கொள்ளலாம். இப்படி ஒரு கணக்கு. கணக்குப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடிந்ததா என்றால், ஒரு நிமிடம்கூட இல்லை.

பதினொன்றரைக்குச் சார் எட்டிப் பார்த்தார். நான் ஏதோ பழைய பதிவுகளைத் திறந்து, வரிகள் மேலே ஓடும்படி விட்டேன்.

"பொழைக்குமா?"

"பாத்துக்கிட்டு இருக்கேன் சார். கொஞ்சம் சிக்கலா இருக்கு."

அவர் தன் மேசையிலிருந்த டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்து சர்வருக்கு எதிரே வைத்தார். ஏசி ஓடும் அறையில் சர்வருக்குக் காற்று வாங்கினோம். நான் பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். உள்ளே சொட்டு ஈரம் இல்லை, பழுப்புத் தூசிதான் இருந்தது. சார் குனிந்து பார்த்துவிட்டு, "அதோ, நனைஞ்ச மாதிரி இருக்கே" என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை. "காயட்டும் சார்" என்றேன். அந்தப் பொய்யைச் சொன்ன வாயை இன்றைக்கும் எனக்குப் பிடிக்கவில்லை.

உட்கார முடியவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போவேன். மரத்தடியில் அவள் இருப்பாள். திரும்பி வந்து உட்காருவேன். பன்னிரண்டரைக்கு டிப்பர் டிரைவர்கள் சாப்பாட்டுக்குப் போனார்கள், அவள் போகவில்லை. ஒரு மணிக்குக் கேட்டில் நிற்கும் ராயப்பன் ஒரு பொட்டலம் பொரி கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், பிரிக்கவில்லை. நான் கம்பைல் கட்டளையை அடித்தேன், என்டர் தட்டாமல் அழித்தேன். திரும்ப அடித்தேன், திரும்ப அழித்தேன். ஃபேன் சர்வரைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது.

இரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. இரண்டாவது ஷிஃப்ட் ஆட்கள் விரலை நீட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். சார் பழைய மஸ்டர் நோட்டைத் தூசி தட்டி எடுத்து, ஒவ்வொரு பெயராகக் கேட்டு எழுதினார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. வியர்த்து விறுவிறுத்து என் அறைக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தார்.

"ஷைனி, இப்பத்தான் தெரியுது உன் அரும. லீவு நாளு, சாப்புடாம கொள்ளாம உக்காந்திருக்க. அந்த மெட்ராஸ்காரன் இருந்தா இன்னைக்கு போனே எடுத்திருக்க மாட்டான். உனக்கு ரெண்டு வருசம் போட்டுடறேன். இன்னைக்கு நல்ல நாளு, இன்னைக்கே கையெழுத்து போட்டுடறேன்."

போட்டும்விட்டார். மூன்றேகாலுக்கு லெட்டர் என் கைக்கு வந்தது. இரண்டு வருடம். நான் போட்ட கணக்கு ஒரு புள்ளி பிசகாமல் வந்திருந்தது. சந்தோஷப்பட வேண்டும் என்று பார்த்தேன், வரவில்லை.

"சார், தனகோட்டி அக்கா பாவம் சார். வெளியிலயே உக்காந்திருக்காங்க" என்று மெதுவாக ஆரம்பித்தேன். பக்குவமாகப் பேசலாம் என்று வைத்திருந்தேன் அல்லவா, அந்தப் பேச்சு இதுதான்.

"பாவம் பாத்தா ஆவுமா? நாளைக்கு முதலாளி கேப்பாரு, ஏன் அட்டெண்டன்ஸ் நின்னுச்சுன்னு. ஒரு ஆளக் காட்டணும். அவ பேர எழுதியாச்சு. நீ இதுல தலையிடாத."

பக்குவம் அத்தோடு முடிந்தது. வெளியே வந்தேன். எதற்கு வந்தேன் என்று தெரியாமலே கேட்டைத் தாண்டி மரத்தடிக்குப் போனேன். அக்கா சட்டென்று எழுந்தாள்.

"மெஷினு பொழச்சிக்குமா பாப்பா?"

"ம்."

"நெசமாவா? நான் துணிய நல்லாப் புழிஞ்சிட்டுத்தான் தொடச்சேன். சந்தனந்தான் தண்ணியாப் பூடுச்சி. வேலுடையான்பட்டு முருகனுக்குத் தேங்கா ஒடைக்கிறன்னு வேண்டிக்கினேன். உன் மாதாவுக்கும் மெழுகுவத்தி ஏத்தறன்னு வேண்டிக்கினேன்."

நான் தலையாட்டினேன். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"காலைல உனக்குப் போன் பண்ணத நான் சாரு கிட்ட சொல்லல. நீ சொல்லித்தான் அணைச்சேன்னா உன்னையும் புடிச்சிக்குவாரு. உனக்கு இது புதுப்பிக்கிற மாசமாச்சே. ஒருத்தி மாட்டுனா போதும்."

லெட்டர் என் சுடிதார் பையில் இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. என்மேல் எனக்கு வந்தது கோபம்தான். திரும்பி ஓடினேன்.

கம்பைல் கட்டளையை அடித்து என்டரைத் தட்டினேன். நாற்பது வினாடி. டிரைவரை ஏற்றினேன். ஆறு பஞ்சிங் மெஷின்களும் அழுகையை நிறுத்தின. சாரின் கம்ப்யூட்டரில் சிவப்புப் பெட்டி மறைந்தது. அவர் "முருகா!" என்று கையைத் தூக்கிக் கும்பிட்டார்.

"முருகன் இல்ல சார்" என்றேன். "ஈரம் எதுவும் பூரல. தனகோட்டி அக்கா மேல தப்பு இல்ல. தப்பு என்னோடது."

அவருக்குப் புரிகிற மாதிரி நின்றுகொண்டே சொன்னேன். கெர்னலோடு வருவது ஒன்று, நான் வெளியிலிருந்து கொண்டுவந்து போட்டது ஒன்று, கெர்னல் மாறியபோது நான் போட்டது பின்தங்கிவிட்டது என்று.

"அதாவது, கூடவே வந்தது பர்மனெண்ட்டு. நீ கொண்டாந்து போட்டது காண்ட்ராக்ட்டு" என்றார் சார். ஏதோ கண்டுபிடித்துவிட்ட மாதிரி முகம்.

எனக்குச் சுருக்கென்றது. "காண்ட்ராக்ட்டுதான் சார் பதினோரு மாசமா லைன் அறாம ஓட்டுச்சு. கெர்னல் மாறுறப்ப அதையும் கூட்டிக்கிட்டுப் போறதுக்கு ஏற்பாடு பண்ணணும், அத நான் பண்ணல. எழுதியும் வைக்கல. வேணும்னேதான் எழுதல. காலைல அக்கா எனக்குப் போன் பண்ணிக் கேட்டாங்க, நான்தான் அணைக்கச் சொன்னேன். வந்து பாத்ததுமே என்ன கோளாறுன்னும் தெரிஞ்சிடுச்சு."

சார் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எல்லாத்தையும் எழுதிக் குடு" என்றார்.

நின்றபடியே மேசையில் குனிந்து எழுதினேன். எந்த டிரைவர், எங்கிருந்து எடுத்தது, எந்த இடத்தில் இருக்கிறது, கூட வந்ததை எங்கே தடுத்திருக்கிறேன், கெர்னல் மாறினால் என்ன செய்ய வேண்டும். தானாகக் கம்பைல் ஆகும் அந்த ஏற்பாட்டையும் அப்போதே பதிந்தேன், சரியாகப் பத்து நிமிடம்தான் ஆனது. அதையும் எழுதினேன். கீழே, அக்கா கேட்டுவிட்டுத்தான் அணைத்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. இனிமேல் அந்தக் காகிதத்தைப் படிக்கத் தெரிந்த யாரும் அந்தச் சர்வரைப் பார்த்துக்கொள்ளலாம்.

சார் படித்தார். புரிந்ததோ இல்லையோ, கையெழுத்தைப் பார்த்துத் தலையாட்டினார். மேசையிலிருந்த பாஸை என் பக்கம் தள்ளினார்.

"இத அவ கிட்ட குடு. அந்த லெட்டரை இங்க குடு."

கொடுத்தேன். மடித்து டிராயரில் போட்டுப் பூட்டினார். "ஒன்னாந்தேதி பாக்கலாம்" என்றார். ஒன்றாம் தேதி என்ன பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். ஆனால் கை லேசாகியிருந்தது. பாஸை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடியபோது, வெட்கம்கெட்டுச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நல்ல காரியம் செய்துவிட்டேன், அக்கா அழுவாள், கட்டிக்கொள்வாள் என்றெல்லாம்.

"இந்தாங்கக்கா பாஸு. மெஷினு ஓடுது. உங்க மேல தப்பே இல்லன்னு சார் கிட்ட சொல்லிட்டேன். தப்பு பூரா என்னோடது."

அவள் பாஸை இரண்டு கையாலும் வாங்கினாள். முந்தானையால் படத்தைத் துடைத்தாள், கழுத்தில் மாட்டிக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் மாதா உன்ன நல்லா வச்சிருக்கணும் பாப்பா. லெட்டரு போட்டுக் குடுத்தாரா உனக்கு?"

"அத விடுங்கக்கா. நீங்க அணைச்சதால ஒன்னும் ஆவல. நான் முன்னாடி போட்டு வெச்சதுல கோளாறு. பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சிடுச்சு."

என் கையைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது.

"பாத்ததுமேவா?"

"ஆமாக்கா."

"எத்தினி மணிக்கு?"

"பதினொன்னே கால் இருக்கும்க்கா."

"இப்ப மணி என்னா?"

"நாலே முக்கால்."

அவள் எதையும் கணக்குப் போடவில்லை. ஆபீஸ் பக்கம் திரும்பி, சர்வர் அறை ஜன்னலைப் பார்த்தாள். பிறகு தான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தாள். மறுபடி ஜன்னலைப் பார்த்தாள்.

"நான் இங்க குந்திக்கினு இருந்தது அங்கேருந்து தெரியுமா?"

"தெரியும்க்கா."

கையை எடுத்துக்கொண்டாள். புடவையில் ஒட்டியிருந்த புங்கஞ்சருகுகளை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டாள். கேட்டின் சிறிய கதவு திறந்திருந்தது, நான் அதில்தான் நின்றுகொண்டிருந்தேன். அவள் எனக்கு எதிரே வந்து நின்று, என் முகத்தைப் பார்க்காமல் காத்திருந்தாள்.

"அக்கா" என்றேன்.

"கொஞ்சம் வழி விடுங்க மேடம்" என்றாள். "ஆபீசு கூட்டணும்."

நான் வழி விட்டேன்.